கைதட்டல் எட்டும் தூரம்

"அத்தா, ஏன் இவ்வளவு மெதுவாக் கை தட்டுறீங்க? வலிக்குதா?" என்று ஒருநாள் மகள் சாலிஹா கேட்டாள். ஜப்பாரிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

ஜப்பான்காரன் வந்தபின் சீனியும் பாலும் அற்றுப்போய், மலாயாவின் கேமரன் மலையில் அவர் நடத்திய தேநீர்க்கடை மூடிக்கிடந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சர்க்கரைவள்ளி போட்டிருந்தார். வீட்டுக்கு அந்தக் கிழங்குதான் சோறு. காட்டுப்பன்றி இறங்கினால் அதுவும் போய்விடும்.

ஆகவே தினமும் அந்தியில் மஃரிப் தொழுததும் பாத்தியருகே நின்று குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிக் கை தட்டுவார். அந்தச் சத்தம் எட்டும் தூரம்வரை காவல் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். பக்கத்துப் பாத்தி, கொழுந்து பறிக்கும் மணியம்மாவுடையது. பலமாகத் தட்டினால் காவல் அங்கேயும் பரவி இங்கே நீர்த்துவிடுமோ என்று பயம். காலமெல்லாம் தேநீரில் வெந்நீர் ஊற்றிப் பெருக்கியவர் வேறு எப்படி நினைப்பார்?

மணியம்மாவின் கணவனைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள். இருட்டியதும் அவள் ஒரு தகரத்தைப் போட்டு அடிப்பாள். "நிம்மதியாத் தொழ முடியுதா?" என்று ஜப்பார் முணுமுணுப்பார்.

பன்றி வரவேயில்லை. "எல்லாம் நான் ஓதுற ஓதல்லதான்!" என்று குழாயடியில் பெருமை பேசினார்.

"ஆமா நானா, பன்னிக்கும் அரபி தெரியும்போல," என்று, அவரை அண்ணனாக 'நானா' என்றே அழைக்கும் மணியம்மா சிரித்தாள்.

ஒரு காலையில் அவளுடைய பாத்தி உழுதுபோட்டதுபோல் கிடந்தது. ஜப்பாரின் பாத்தியில் ஒரு கொடிகூடக் கலையவில்லை. ஆறுதல் சொல்லப் போனார்; உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பும் கூடவே போயிற்று. அவள் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து எந்திரிக்கவே முடியல நானா, தகரம் அடிக்கல. உங்க கெழங்காச்சும் தப்பிச்சுதே. தினமும் ரெண்டுக்கும் சேத்துத்தான் அடிச்சேன்."

"என்னுதுக்குமா? நான் கேக்கலையே!"

"சத்தம் என்ன, வேலியப் பாத்தா நிக்கும்? ஒங்க பக்கமாவே ஒக்காந்துதான் அடிப்பேன். சின்னப்புள்ள இருக்குற வீடு."

ஜப்பார் வெளியே வந்து நின்றார். அல்லாஹ்வின் அரியணையான குர்ஸி வானங்களையும் பூமியையும் சூழ்ந்திருக்கிறது, அவற்றைக் காப்பது அவனுக்குச் சிரமமே இல்லை என்பது அந்த ஆயத்தின் பொருள். அர்த்தம் தெரிந்துதான் ஓதினார். ஓதிவிட்டு, ஒரு வேலியைத் தாண்டினால் அல்லாஹ்வுக்குக் களைப்பு வந்துவிடும் என்று கணக்கும் போட்டார். ஜப்பான்காரனாவது அரிசிக்குத்தான் ரேஷன் போட்டான்; இவர் அல்லாஹ்வின் காவலுக்கே போட்டார்! காவல் வராமலா போயிற்று? கம்பும் தகரமுமாக அவர் வேலியோரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத்தான் இடைஞ்சல் என்று முணுமுணுத்திருக்கிறார். நேற்று அவர் பாத்தி தப்பியதுகூட, பன்றிகளுக்கு வயிறு நிரம்பியதால் இருக்கும்.

அன்று பொழுது சாயும்போது பனி இறங்கி லயத்தை மூடியது. ஜப்பார் தம் கிழங்குகளில் பாதியைத் தோண்டினார். பெரிது ஒன்றைத் தமக்கென்று ஒதுக்கப் போன கையைத் தாமே அதட்டினார். எல்லாவற்றையும் மணியம்மாவின் பாத்தியில், பன்றி பார்க்காமல் விட்டுப்போனவைபோல் அங்கங்கே புதைத்தார். பிறகு விரல்களை மூக்குபோல் குவித்து, பன்றி கிளறுவதுபோல் மண்ணைக் கிளறித் தம் காலடித் தடங்களை அழித்தார். அது பன்றி செய்வதைவிட நேர்த்தியாக அமைந்துவிட்டதாகத் தோன்றவே, இன்னும் கொஞ்சம் அலங்கோலமாக்கிவிட்டு, கைகழுவ ஓடைப்பக்கம் இறங்கினார்.