ஹெட்லி ட்ரான்டரின் குழாய் நீலமான கதை

1

ஒரு மன்னிப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்துதான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். இங்கிலாந்தில் டட்லி வட்டாரத்துப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் மாத இதழுக்கு நான்தான் ஆசிரியன். 1987 ஜூன் இதழில் ஒரு பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. “ஹெட்லி ட்ரான்டரின் சைலன்சர் குழாய் நீலமாகிவிட்டது. மட்டமான குரோமியம் முலாமே காரணம்” என்று, காரணம் வேறு எனத் தெரிந்தும் ஹெட்லியின் மானத்தைக் காக்கப் போட்டு நிரப்பினேன். இதழ் வந்த மறுநாள், முலாம் பூசியவர் கையில் ஒரு நீளக் குழாயோடு என் வீட்டு வாசலில் நின்றார். காட்டுவதற்குக் கொண்டுவந்தாரா, அடிப்பதற்கா என்று இன்றுவரை தெரியாது. திருத்தம் போடுவதாகச் சத்தியம் செய்தேன்.

திருத்தம் இரண்டு வரிதான். ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஹெட்லியின் கணுக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணுக்காலைச் சொன்னால் ஐவி ஃபாக்ஸாலைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் டட்லியில் (எங்கள் ஊரில் இதைச் சொன்னால் எந்த நாள் என்று எவருக்கும் தெரியாது.)

நிக்கல் முலாம் மஞ்சளாகும், குரோமியம் முலாமோ மனித மனத்தைப் போல (அடித்தது நான் இல்லை. என் மனைவி.)

சரி, நேராகவே வருகிறேன். ஹெட்லிக்கு அறுபத்தொரு வயது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். 1938இல் செய்த, ஒற்றைச் சிலிண்டர், ஐந்நூறு சிசி வண்டி ஒன்றைத் துருப்பிடித்த குவியலாக வாங்கி, நான்கு வருடம் உட்கார்ந்து புதிதாக்கினார். அதன் புகைக்குழாய் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் முகம் பார்த்து அவர் மீசை கத்தரித்ததை நான் நேரில் கண்டேன்.*

வண்டியை மட்டும் அவர் கிளப்பவே மாட்டார். கேட்டால் பெட்ரோலை வடித்துவிட்டேன் என்பார். “அது மோட்டார் சைக்கிளா, ஷோகேஸ் பொம்மையா?” என்று சங்கத்தில் சிரிப்பார்கள்.

(*“கத்தரிக்கவில்லை, சீவினேன்” என்று ஹெட்லி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். இந்தக் கதையில் வருகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கைப்பிரதியை வாங்கிப் படிக்கவும் படிக்கிறார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடத் தொல்லை கிடையாது.)

3

ஐவியைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம். வாசகர் நம்புவாரா? அறுபத்துமூன்று வயதுப் பெண். போர்க்காலத்தில் ராணுவத்துக்காகக் கடிதப்பை சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். இன்றும் தன் பழைய வண்டியில்தான் மளிகை வாங்கப் போகிறார். அதன் குழாய் புறாக் கழுத்து மாதிரி பல நிறம் காட்டும். அவர் துடைப்பதே இல்லை. நம்பும்படியாக இருக்கட்டும் என்று இரண்டாம் பிரதியில் அவரை நார்மன் என்ற ஆணாக்கினேன். நார்மன் நான்கு பக்கம் தேநீர்க் கோப்பையோடு நின்றார்; ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அனுப்பிவிட்டு ஐவியைத் திரும்ப அழைத்துக்கொண்டேன்.

4

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வருடக் கண்காட்சிக்குச் சங்கம் புது விதி போட்டிருந்தது: வண்டியை உரிமையாளரே உதைத்துக் கிளப்பி, மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் ஹெட்லி அதை முதன்முறையாகக் கிளப்பினார். அதுவும் உதைத்துக் கிளப்பவில்லை. தன் கொட்டகைக்கு வெளியே சரிவில் என்னைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.

கிளம்பியது. கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம்; ஐந்து நிமிடம் ஓடியது. எங்கள் கண்ணெதிரிலேயே குழாயின் வளைவில் வைக்கோல் நிறம் படர்ந்தது, பிறகு ஊதா, அப்புறம் அடர் நீலம். ஹெட்லி ஓடிப்போய் ஈரத்துணியை எடுத்தார். துணி புகைந்ததுதான் மிச்சம்.

“அந்த முலாம்காரன் என்னை ஏமாத்திட்டான்!”

சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து வந்த ஐவி வாசலிலேயே நின்று காதைச் சாய்த்தார்.

“யோவ் ஹெட்லி, முலாம்காரன் என்ன பண்ணுவான்? டைமிங் லேட்டுய்யா. வண்டி இருமுதே, கேக்கலையா?”

“டைமிங் நானே வச்சதும்மா. கரெக்டா இருக்கு.”

“கரெக்டா லேட்டா இருக்கு.”

இங்கே ஒரு பத்தி விளக்கம் தேவை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும்; அந்த நேரக்கணக்குதான் டைமிங். தாமதமாக விழுந்தால், எரிந்து தீராத நெருப்பு குழாய்க்குள் போய் அதைப் பழுக்க வைக்கும். கிளப்பும்போது மட்டும், கைப்பிடியில் இருக்கும் சின்ன நெம்புகோலால் பொறியைத் தாமதப்படுத்திக்கொள்ள வேண்டும். மறந்தால், காலால் உதைக்கும் கிக்கர் திருப்பி அடிக்கும். கழுதை உதைப்பது அதற்கு முன்னால் கொஞ்சல்.

ஐவி கேட்காமலேயே வேலையில் இறங்கினார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பின்னல் ஊசியை விட்டு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அளந்தார். பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் தொடுமுனைகளுக்கு நடுவில் சிகரெட் சுற்றும் தாளைச் செருகினார். தாள் வழுக்கி வரும் கணம்தான் பொறி விழும் கணம்.

“பிஸ்டன் உச்சிக்கு வந்தப்புறம்தான் தாளே நழுவுது! இதைப் போய் எவனாவது கவனக்குறைவா வைப்பானா? வேணும்னே வச்சிருக்கே. எதுக்குய்யா?”

ஹெட்லி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு வண்டி. நெம்புகோலை மறந்துட்டு உதைச்சேன். கணுக்கால் மூணு துண்டாப் போச்சு. எப்பவும் லேட்டாவே வச்சுட்டா, மறந்தாலும் திருப்பி அடிக்காதில்ல.”

“பஸ் படிக்கட்டுல விழுந்தேன்னியே?”

“பின்னே? சங்கத்துல இதையா சொல்லுவாங்க?” கொஞ்ச நேரம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். “பயமா இருக்கு ஐவி.”

(கடைசி வாக்கியத்தை ஹெட்லி கைப்பிரதியில் அடித்துவிட்டார். ஐவி மையால் திரும்ப எழுதினார். ஹெட்லி மறுபடி அடித்தார். அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. ஐவி பக்கம் நின்று அச்சில் விடுகிறேன்.)

ஐவி சிரிக்கவில்லை. டைமிங்கைச் சரியாக வைத்து, மூடியை முறுக்கி, கையைத் துடைத்தார். “எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயம்தான். அதான் நெம்புகோலை மறக்கறதில்லை” என்றார்.

5

கண்காட்சிக்கு இரண்டு விதமாக முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குழாய்க்குப் புது முலாம் பூசி ஹெட்லி கோப்பை வாங்கினார். படித்துவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது. இன்னொன்றில் கால் மறுபடி உடைந்தது. ஹெட்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நடந்தது இது. ஜூலை முதல் ஞாயிறு. நான்தான் நடுவர். குழாய் அதே நீலத்தோடு வந்திருந்தது. ஹெட்லி அதை மறைக்கவும் இல்லை. முறை வந்ததும் வண்டியில் ஏறி, கிக்கரில் பாதத்தை வைத்தார். நெம்புகோலைத் தொடவே இல்லை. கூட்டத்தில் ஐவி தன் தொப்பியைப் பிடித்துக் கசக்கினார், வாயைத் திறக்கவில்லை. நடுவராகிய நானும் திறக்கக் கூடாது.

ஹெட்லி பாதத்தை எடுத்தார். குனிந்து பார்த்தார். நெம்புகோலைத் தள்ளினார். உதைத்தார்.

முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. துளி இருமல் இல்லை. ஒரு சுற்று வந்தார். நிறுத்த வேண்டிய கோட்டைத் தாண்டி, திறந்திருந்த வாசல் வழியாக மைதானத்தை விட்டே போய்விட்டார்.

நாற்பது நிமிடம் ஆளைக் காணோம். அதற்குள், வேனில் வந்திறங்கிய ஒரு பளபள வண்டிக்குக் கோப்பை போய்விட்டது. பிறகு ஹெட்லி வந்தார். கண்ணாடியெல்லாம் பூச்சி, வாயெல்லாம் பல், கோட்டுப் பையில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த ரொட்டி மூன்று. எனக்கொன்று, ஐவிக்கொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அணைச்சுட்டுச் சாப்பிடுய்யா!” என்று கத்தினார் ஐவி.

“இருக்கட்டும்மா!”

சந்தோஷத்தில் அணைக்காமல் இருந்தாரா, திரும்ப உதைக்க வேண்டுமே என்றா? இருவரிடமும் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள், இருவருமே சிரித்துக்கொண்டு. நான் பார்த்ததை மட்டும் எழுதி எழுந்துகொள்கிறேன். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும்; மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஹெட்லி ரொட்டியை ஒரு கடி கடித்தார். ஐவியைப் பார்த்தார். இடது கையை எஞ்சினை நிறுத்தும் பிடியின் மேல் வைத்து,