எண்பத்து நாலாம் நம்பர் டாக்டர்

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் கெட்டிக்காரரா என்று அறிய, அவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. சனல் நம்பர் எத்தனை என்றுதான் கேட்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் காசு கட்டிப் பதிந்தால் வரிசையில் ஒரு நம்பர் தருவார்களே, அதுதான். பத்தாம் நம்பர் கிடைத்தால் அந்த டாக்டர் சும்மா. ஐம்பது என்றால் பரவாயில்லை. எண்பது, தொண்ணூறு என்று போனால், யா அல்லாஹ், அந்த மனிசனைப் போல இந்த நாட்டிலேயே ஆள் கிடையாது. சாய்ந்தமருதுச் சந்தியில் நின்று விசாரித்துப் பாருங்கள், நான் சொல்வது பொய்யென்றால் என்னை ஏசுங்கள்.

என் காக்கா மசூர் இந்தக் கணக்கில் ஊருக்கே மேல். கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன். என் வீட்டுக்காரர் ஸஹீத் கட்டாரில் வேலை செய்வதால், என் வீட்டில் எதற்கும் கடைசிச் சொல் காக்காவுடையதுதான். என் முதுகு விஷயத்திலும் அப்படித்தான் ஆகிவிட்டது.

எனக்குத் தொழில் தையல். அபாயா தைப்பேன், கல்யாண உடுப்புத் தைப்பேன். நோன்பு முடிந்த கையோடு இடுப்பில் பிடித்த வலி வலது காலுக்குள் இறங்கியது. வலியைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் செருப்பை நீட்டினார். வலது காலில் செருப்பு இல்லாமல் அரைத் தெரு நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. மெஷினின் மிதிபலகையில் கால் வைத்தால் பாதம் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. நாற்பத்து நாலு வயதில் காலை இழுத்துக்கொண்டு திரிவதற்கா நான் பிறந்தேன்?

அடுத்த வீட்டு பஸ்மினாவுக்கும் அதே நாட்களில்தான் முதுகு வலி வந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே வேனில் போய் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஒரே அளவான இரண்டு பெரிய உறைகளோடு திரும்பி வந்தோம்.

அதன்பிறகு சுகம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல? ஒரு கையில் தோடம்பழம், மறு கையில் ஒரு டாக்டரின் பெயர். கொழும்பு என்பார்கள், கண்டி என்பார்கள், முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்றும் சொல்லிவிட்டு என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். காக்கா எல்லோரையும் அடக்கினார். கொழும்பில் ஒரு முதுகு டாக்டருக்குத் தனக்கு எண்பத்து நாலாம் நம்பர் கிடைத்திருப்பதாக அறிவித்தார்.

"நானும் வரணுமே, காக்கா?" என்று கேட்டேன்.

"நீ என்னத்துக்குகா எட்டு மணித்தியாலம் பஸ்ஸில குலுங்கணும்? படம் இரிக்கி தானே."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கொழும்புக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அவர் கையில் அக்கம்பக்கத்து நோயாளிகளின் படங்களையும் கொடுத்து அனுப்பிவிடுவோம். நோயாளி வீட்டில் இருப்பார், படம் மட்டும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும். கடைக்குச் சாமான் எடுக்கப் போன காக்கா, என் உறையையும் பஸ்மினாவின் உறையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தீர்ப்போடு திரும்பி வந்தார். எனக்கு ஒன்றுமில்லையாம், தேகப்பயிற்சி செய்தால் போதுமாம். பஸ்மினாவுக்குத்தான் உடனே ஒப்பரேஷனாம், வருகிற மாதம் பதின்மூன்றாம் திகதி கூட்டி வரச் சொல்லி நாளும் குறித்தாகிவிட்டது. பஸ்மினா வாய்விட்டு அழுதாள். அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது.

எல்லோரும் என்னை அல்லாஹ்வுக்கு ஷுகூர் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆனால் பாதம் அப்படியேதான் தொங்கியது. நடந்தால் சீமெந்துத் தரையில் சடப், சடப் என்று சத்தம் கேட்டது. காக்காவின் மனைவி றஹீமா மதினிக்கு அதைக் கேட்டதும் வேறொரு விளக்கம் தோன்றிவிட்டது. அவர்கள் மகளின் கல்யாணத்துக்குப் பதினாறு உடுப்புத் தைக்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வேலைக்குப் பயந்து நடிக்கிறாளாம். மதினி சொன்னதுகூட எனக்குச் சுடவில்லை. காக்காவும் ஒரு நாள் என் காலைப் பார்த்துவிட்டு, "நடிப்ப உட்டுட்டு ஒழுங்கா நட, றாஹிலா," என்றார். என்னைத் தூக்கி வளர்த்த மனிசன் அப்படிச் சொன்னார். அன்று சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ஸஹீத் தொலைபேசியில் சமாதானம் சொல்ல வந்தார், காக்காவுக்கும் சேர்த்து அவர்தான் என்னிடம் வாங்கிக் கட்டினார்.

அழுது முடிந்ததும் எனக்குக் கோபம்தான் மிஞ்சியது, அந்தக் கோபம் நல்ல புத்தியைத் தந்தது. யார் பெரிய டாக்டர் என்று கேட்பதை விட்டேன். முதுகில் வெட்டி எழும்பி நடக்கிறவர் யார் என்று தேடினேன். பாண்டிருப்பில் அழகரெத்தினம் என்று ஒரு பஸ் கொண்டக்டர் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிலோடு கிடந்த மனிசன், இப்போது மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறார். அவரைக் கண்டுபிடித்து, டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்தாரா, எவ்வளவு நேரம் கதைத்தார், கெடுதல் வரலாம் என்றும் சொன்னாரா என்று குடைந்து குடைந்து கேட்டேன். பாவம், டிக்கெட் கிழிக்கவும் விடவில்லை. டாக்டர் புண்ணியமூர்த்தி, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி என்றார். தன்னை அரை மணித்தியாலம் பார்த்ததாகவும், முதலில் மருந்து தந்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் கத்தியைப் பற்றிக் கதைத்ததாகவும் சொன்னார்.

அந்த டாக்டர் மாலையில் தனியாக நோயாளிகளைப் பார்க்கிற இடத்தில் பதிந்தேன். ஏழாம் நம்பர் கிடைத்தது. காக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஏழாம் நம்பரென்றால் ஆள் போகாத கடை என்றார். பஸ்மினாவின் திகதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது, அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். வெட்டுவதற்கு முன் இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்றேன்.

டாக்டர் உறையைத் தொடவே இல்லை. மேசையின் ஒரு ஓரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, என்னை நடக்க வைத்தார். கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். ஊசியின் பின்பக்கத்தால் கீறி எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்டார். பாதத்தைப் பிடித்து, மேலே தள்ளச் சொன்னார். தள்ளினேன், ஒரு சொட்டும் அசையவில்லை. அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பார்த்தார், திரும்பி என் காலைப் பார்த்தார். பிறகு படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த பெயரைக் குனிந்து வாசித்தார்.

"அம்மா, இது உங்கட படம் இல்லையே," என்றார்.

வெளியே இருந்த பஸ்மினாவை உள்ளே கூப்பிட்டு அவள் உறையைத் திறந்தார்கள். அதற்குள் நான் இருந்தேன். என் பெயர், என் வயது, நரம்பை நசுக்கிக்கொண்டு நிற்கிற என் முதுகெலும்புத் தட்டு. வீட்டில் இத்தனை பேர் இருந்தும், நான் உட்பட, ஒருவராவது அந்தப் பெயரை வாசிக்கவில்லை. உறையின் மேலே பேனையால் எழுதியிருந்ததைத்தான் எல்லோரும் நம்பினோம். காக்கா பிறகு ஒத்துக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்ட இரண்டு படத்தையும் வெளியே எடுத்து, எந்த முதுகு மோசம் என்று இருவருமாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்!

பஸ்மினாவைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, கத்தி தேவையில்லை, தசைப்பிடிப்புத்தான் என்றார் டாக்டர். அவள் அந்த இடத்திலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "றாத்தா, றாத்தா" என்று சொந்த அக்காவைப் போல என்னைக் கூப்பிட்டாள்.

எனக்கு மட்டும் அவர் இனிப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

"ஆறு கிழமை, ஒண்டரை மாசம் பிந்திட்டம்மா. இந்தக் கிழமைக்குள்ள வெட்டணும். வெட்டினாலும் பாதம் முழுசா வரும் எண்டு நான் வாக்குத் தர மாட்டன். வராமலும் போகலாம். நான் முயற்சி பண்ணுவன்."

எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளிடம் முதுகைக் கொடுக்கலாம்.

காக்காவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். அவர், சரியான படத்தோடு கொழும்புக்கே போவோம், இந்த முறை உன்னையும் கூட்டிப் போகிறேன், எண்பத்து நாலு பேர் சும்மாவா காத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார்.

"காக்கா, வெட்டுறது என்ட முதுகு. நான் இவருக்கிட்டத்தான் குடுப்பன்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேசி முடிக்குமுன் தொலைபேசியை வைத்தேன். ஸஹீத்திடம் சொன்னேன், "உன் இஷ்டம், றாஹிலா" என்றார். வார்ட்டில் தந்த படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகத்தான் விழுந்தது.

ஒப்பரேஷன் அன்று காக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் குர்ஆன் ஓதிக்கொண்டு இருந்தாராம். கண் விழித்தபோது காலுக்குள் இருந்த நெருப்பு அணைந்திருந்தது. பாதம் மட்டும் அசையவில்லை. முதலாம் கிழமையும் இல்லை, இரண்டாம் கிழமையும் இல்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் கிழமை பெருவிரல் ஒரு நெல்மணி அளவு எழும்பியது. அந்த விரலைப் பார்த்துச் சிரித்தேன், பைத்தியக்காரி போல.

இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்குக் காக்காதான் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என்னைக் குதிக்காலில் நடக்கச் சொன்னார். முன்பாதம் இரண்டும் தரையில் படக்கூடாது. பாதம் தொங்குகிற எவராலும் அப்படி நடக்க முடியாது. அவருடைய அறை சின்னது, அதனால் கதவைத் திறந்து, வெளியே நீண்டு கிடந்த நடையைக் காட்டினார். இரண்டு பக்கமும் நீள வாங்குகளில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். ஓரடி, ஈரடி. வலது பாதம் நின்றது, இடது பாதத்தைப் போலவே மேலே நின்றது. முதல் வாங்கைத் தாண்டினேன், மருந்து வாங்குகிற யன்னலைத் தாண்டினேன். டாக்டர் பின்னாலிருந்து போதும் அம்மா, வாருங்கள் என்றார். நான் நிற்கவில்லை.

காக்கா பக்கத்தில் ஓடிவந்து, "போதுமாம்கா, நில்லு," என்றார்.

"இல்ல காக்கா, நல்லாப் பாருங்க," என்றேன். "நான் நடிக்கிறனா?"

அத்தனை பேருக்கு முன்னால், கல்முனை பஸாரில் யாருக்கும் தலை குனியாத என் காக்கா, தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் நடையின் கடைசிவரை குதிக்காலிலேயே போய், சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.