இறுக்காத மூடி

“ஏங்க, இந்த மூடியை இறுக்கினீங்களா, இல்ல வெல்டிங் வெச்சுட்டீங்களா?”

சர்க்கரை ஜாடியைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். முந்தின நாள் ஜாடிக்குள் எறும்பு புகுந்துவிட்டதால் நான்தான் மூடியை இறுக்கித் தொலைத்திருந்தேன். அவளுடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் நிமிராது. இறுக மூடிய எதையும் அவளால் திறக்க முடியாது. அதனால் பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் எந்த மூடியையும் இறுக்குவதில்லை. அன்று எனக்கு மறந்துவிட்டது. திறந்து கொடுத்தேன். இரண்டு கரண்டி போட்டுக் காபி கலக்கி, நின்றபடியே குடித்தாள். “எறும்புக்கும் பசிக்கும்ல” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு அவள் உதவியாளராக இருந்த பல் மருத்துவர் கூப்பிட்டார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

அவள் முன்பு ஆடிய விளையாட்டில் வாங்கிய அடியால் வந்ததா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பிறவியிலேயே மெலிந்திருந்த குழாய், ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அரை மணி கழித்து என் அத்தை, அதாவது அவளுடைய அம்மா, தனியாகப் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார். பதில் ஒன்றுதான். இல்லாவிட்டால் இதை நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் மனைவி ரக்பி ஆடினாள். குழுவில் அவளுக்குப் பெயர் ‘கதவு’. அவளைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. கல்யாணமான புதிதில் நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கி, கடைசிவரை மாற்றவில்லை. திங்கட்கிழமைகளில் கண்ணுக்குக் கீழே கருநீலத்தோடு மருத்துவர் பக்கத்தில் நிற்பாள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்வதற்கு முன்பே வாயை இன்னும் அகலமாகத் திறப்பார்களாம்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. பதினைந்து பேர் ஆடுவது ஒன்று, பதின்மூன்று பேர் ஆடுவது மற்றொன்று. அதே முட்டை வடிவப் பந்து, அதே சேறு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். கிட்டப் போனால் பங்காளிகள். பதினைந்தில், பந்தோடு ஓடுகிறவளைக் கீழே இழுத்துப் போட்டால் அவள் அந்த நொடியே பந்தை விட்டுவிட வேண்டும். அதன் மேல் இரண்டு பக்கமும் முட்டி மோதும். பதின்மூன்றில் நேர்மாறு. விழுந்தவள் பந்தை விடவே கூடாது. பிடித்தவர்கள் விலகியதும் அவள் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுவாள்.

பதினோரு வருடம் பதினைந்தில் ஆடினாள். முப்பத்தொரு வயதில் இரண்டு சின்னப் பெண்களை அவள் இடத்துக்கு எடுத்தார்கள். ஒரு ஆட்டப் பருவம் முழுக்க ஓரத்துப் பெஞ்சில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பதின்மூன்று பேர் குழுவின் பயிற்சியாளர் கூப்பிட்டார். வார நாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிற பெண்மணி, சுற்றி வளைக்காமல் பேசுவார்.

“மூணு மேட்ச் தர்றேன். சரிப்பட்டா இரு. இல்லைன்னா கை குலுக்கிட்டுப் போயிடலாம்.”

முதல் ஆட்டத்தில் விழுந்தபோதெல்லாம் பந்தை விட்டாள். ஆறு முறை. எதிர்க்குழு குனிந்து எடுத்துக்கொண்டு போனது. பயிற்சியாளர் எல்லைக்கோட்டிலிருந்து கத்தினார்: “ஏம்மா, பந்தை என்ன தர்மத்துக்கா குடுக்கறே?” இரண்டாவது ஆட்டத்தில் நான்கு முறை. மூன்றாவதுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில், “எனக்குத் தெரியுதுங்க. இந்தக் கைக்குத்தான் தெரியல” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “இதுவும் போச்சுன்னா வேற டீம் கிடையாது. ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து உங்க மூஞ்சியையா பாத்துட்டிருக்க முடியும்?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வீடு வரும்வரை கையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் பழைய சோபாக்களைப் பிரித்துத் தைக்கிறவன். பட்டறையிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து, சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த நாலடி அகல நடையில் பரப்பினேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் பந்தோடு ஓடி வருவாள், நான் காலைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவேன். அத்தை நடையின் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கையை மட்டும் கவனிப்பார்.

“விட்டாச்சு!”

மறுபடி ஓடி வருவாள்.

“விட்டாச்சு! மாப்பிள்ளை, நீங்க அழுத்தமா பிடிக்கலையோ? பொண்டாட்டின்னு பாவம் பாக்காதீங்க.”

“அத்தை, என் இடுப்பை யாராவது பாவம் பாருங்க.”

நான்காம் நாள் அத்தை எழுந்து சமையலறைக்குள் போனார். சர்க்கரை ஜாடியோடு வந்தார். கனத்த கண்ணாடி, கழுத்துவரை சர்க்கரை.

“பந்துன்னாதானே விடறே. இதை விடு பாக்கலாம்.”

“அத்தை, கண்ணாடி.”

“தெரியும் மாப்பிள்ளை. உடைஞ்சா அவதான் பெருக்கணும். சர்க்கரையும் அவதான் வாங்கணும். ஓடுடி.”

அவள் ஓடி வந்தாள். பாதி மனதோடுதான் வீழ்த்தினேன். ஜாடி அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மூடி கழன்று, தலை, கழுத்து, மெத்தை எல்லாம் சர்க்கரை. தரையில் கிடந்தபடி உதட்டை நக்கிக்கொண்டு, “விடல பாத்தீங்களா!” என்றாள். மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

அன்று ஜாடியை நிரப்பி, மூடியை முழு பலத்தோடு இறுக்கினேன். ஆறு நாள் ஜாடியோடு விழுந்தாள். கடைசி இரண்டு நாள் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஜாடிக்குப் பதில் பந்தைக் கொடுத்தார். கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது ஆட்டத்தன்று மழை. பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. பதின்மூன்று முறை விழுந்தாள். நான் எண்ணவில்லை, அத்தை எண்ணினார். ஒரு முறைகூட விடவில்லை. கடைசிக்குச் சற்று முன்பு, எங்களுக்கு நேர் எதிரே, இரண்டு பேர் அவளைச் சாய்த்தார்கள். ஒருத்தியின் தோள் பந்தின் மேல் விழுந்தது, நடுவில் இவள் விரல்கள். அவர்கள் விலகினார்கள். எழுந்தாள். பந்தை வைத்தாள். காலால் உருட்டினாள். அதற்கப்புறம்தான் கையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரல்களும் வேறு திசையில் நின்றன.

நாங்கள் ஆறு புள்ளியில் தோற்றோம். பயிற்சியாளர் அவளுடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். இவள் முகம் வெளுத்துவிட்டது.

“அப்போ... போயிடலாமா?”

“எங்க போறே? வியாழக்கிழமை பயிற்சி. அந்தக் கையைக் காட்டிட்டு வா.”

விரல்கள் சரியாகக் கூடவில்லை. மறுபடி உடைத்து நேராக்கலாம், ஆனால் பருவம் போய்விடும் என்றார் எலும்பு மருத்துவர். “பந்தைப் பிடிக்க இந்த வளைவு வசதியாத்தான் இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்தக் கையோடு பதின்மூன்றில் ஆறு பருவம் ஆடினாள். நாட்டு அணியின் சட்டையை நான்கு முறை போட்டாள். விரல் உடைந்த வாரமே நானும் அத்தையும் வீட்டிலிருந்த மூடிகளையெல்லாம் தளர்த்தி வைத்தோம். யாரும் யாருக்கும் சொல்லிச் செய்ததில்லை. நான் பற்பசை மூடியைத் தளர்த்தப் போனபோது அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

முப்பத்தேழாவது வயதில் பழைய குழுவில் ஆள் போதாமல் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதினைந்துக்கே திரும்பினாள். அங்கே முதல் ஆட்டத்தில் விழுந்ததும் பந்தை உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். நடுவர் ஊதினார். மறுபடி விழுந்தாள், மறுபடி ஊதினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “அது சர்க்கரை இல்லடி! விட்டுத் தொலை!” என்று கத்தினார். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மைதானத்தில் படுத்தபடி அவள் ஒருத்தி மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பந்து தானாகக் கையிலிருந்து உருண்டது. அதற்குப் பிறகு இரண்டு பருவம் ஆடி, போதும் என்று தோன்றிய நாளில் காலணியைக் கழுவிக் காயவைத்துவிட்டு நிறுத்தினாள்.

அவள் போய் மூன்று வருடமாகிறது. அத்தை என்னோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மைதானத்துக்குப் போகிறோம். யார் ஆடினாலும் பார்ப்போம். பதினைந்தா பதின்மூன்றா என்று ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அத்தை சொல்லிவிடுவார். பந்தைப் பார்க்க மாட்டார், விழுகிறவளின் கையைப் பார்ப்பார்.

போன வாரம் ஜாடியில் எறும்பு வந்துவிட்டது. அத்தை சர்க்கரையைத் தட்டில் கொட்டி வெயிலில் வைத்து, எறும்பு போனதும் திரும்ப நிரப்பினார்.

“மூடியை இறுக்கிடவா அத்தை?”

“எதுக்கு? அதுங்களுக்கும் பசிக்கும்ல.”

ஜாடி அதே அலமாரியில் இருக்கிறது. மூடி மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது.