லாசரு என்கிற தசரதன்

பதினொன்றரைக்குச் சவப்பெட்டியை மூடுவதாக இருந்தது. பதினொன்று பத்துக்கு குணசுந்தரி ஆட்டோவிலிருந்து இறங்கி, அடுகோடிப் பகுதியில் இருந்த ஆதரவற்ற முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தாள். கூடத்தில் இருபது கிழவர்கள் ஒரே மாதிரி நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. சுவரில் சாய்த்திருந்த மூடியில் வெள்ளை பெயின்ட்டால் 'லாசரு' என்று எழுதியிருந்தது.

பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அப்பா தசரதன். காணாமல் போய்ப் பதினான்கு மாதம். அவர் வெளியே போன அன்று காலை கதவைத் தாழிட மறந்தது அவள்தான்.

நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. முகம் மழிக்கப்பட்டிருந்தது. வீட்டில் அவர் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"யாரும்மா நீங்க?" என்றாள் அங்கே சமைத்து, கிழவர்களைக் குளிப்பாட்டும் அல்போன்சா.

"மவ."

அல்போன்சா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பாஸ்டர் ஷங்கர் வந்தார்.

"இவருக்கு ஆளே இல்லன்னு நெனச்சிருந்தோம் சிஸ்டர். அடக்கம் பண்ண பர்மிஷன் கேட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு போட்டோ அனுப்பினோம். உங்க கம்ப்ளெயின்ட்டோட மேட்ச் ஆச்சுன்னு ஸ்டேஷன்லேருந்து மஞ்சுநாத் சார் இப்பதான் போன் பண்ணாரு."

"நாங்க நீலசந்திராவுலதான் இருக்கோம். இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர். எங்க கார்மென்ட்ஸ் வேன் தெனம் இந்தத் தெரு வழியாதான் போவுது."

ஷங்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நைனாவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அம்மா பாக்கணும். அப்புறம் எரிக்கணும்."

"அவரு லாசருங்கிற பேருல ஞானஸ்நானம் எடுத்தவரு சிஸ்டர். குழி வெட்டியாச்சு. அவருக்கு நித்திய ஜீவன் கெடச்சிருச்சு. நீங்க சந்தோஷப்படணும்."

"எடுக்கறேன்னு அவரே சொன்னாரா?"

"கேட்டேன். தலையாட்டுனாரு."

"நீ பொம்பளையான்னு கேட்டாலும் தலையாட்டுவாரு. மறதி நோயி. மூணு வருஷமா."

கிழவர்களில் ஒருவர் சிரித்தார். அல்போன்சா அவரை முறைத்துவிட்டு சுந்தரியின் பக்கம் வந்தாள்.

"தங்கமான மனுஷம்மா. ஒரு தொந்தரவு கெடையாது. யாரு வந்தாலும் கும்பிடுவாரு, அப்புறம் முதுகக் காட்டி உக்காந்துக்குவாரு. காலரப் புடிச்சு திருப்பித் திருப்பிக் காட்டுவாரு. சோறு கொண்டாந்தா எனக்கு, டாக்டர் வந்தா டாக்டருக்கு. அரிப்புன்னு பவுடர் போட்டேன். நிக்கல. பாஸ்டர் எண்ணெ பூசி ஜெபம் பண்ணாரு. போன வாரம் கையத் தூக்கவே முடியல. அப்பவும்…"

சுந்தரி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தப்ப போட்டிருந்த சட்ட எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எரிச்சிட்டோம்," என்றார் ஷங்கர். "தெருவுலேருந்து யாரு வந்தாலும் மொத வேல அதுதான். பின்னால துணியப் போட்டு எரிப்போம், சுத்தி நின்னு பாடுவோம். பழைய வாழ்க்க அதோட முடிஞ்சுதுன்னு அடையாளம். என் துணியும் அப்படித்தான் எரிஞ்சுது. நானும் பிளாட்பாரத்துலேருந்து வந்தவன்தான் சிஸ்டர்."

"காலருக்கு உள்ள பாத்தீங்களா?"

"இல்ல."

கார்மென்ட்ஸில் சுந்தரியின் வேலை காலரில் லேபிள் தைப்பது. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. அப்பாவுக்கு மறதி முற்றியபோது அவருடைய நான்கு சட்டைகளிலும் காலருக்கு உள்ளே தன் போன் நம்பரைச் சிவப்பு நூலில் தைத்தாள். பிறகு இரண்டு மாதம் பழக்கினாள். வழி தெரியலன்னா இன்னா பண்ணுவ நைனா? அவர் கும்பிட்டு, திரும்பி உட்கார்ந்து, காலரைத் திருப்பிக் காட்டுவார். காட்டினால்தான் சோறு. மகளின் பெயரைக்கூட மறந்தார். அதை மறக்கவில்லை.

இதை அவள் நான்கு வாக்கியங்களில் சொன்னாள்.

அல்போன்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்த கிழவர் சாப்பாடு எப்போது என்று கேட்டார்.

ஷங்கர் சுவரில் சாய்த்திருந்த மூடியின் பக்கம் போனார். பிறகு, "வண்டிய உங்க வீட்டுக்கே விடச் சொல்றேன்," என்றார். "மூடியில பேர அழிச்சிடறேன்."

"அழிங்க."

அவளுடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தாள்.

"எங்க அம்மா. ஸ்டேஷன்ல கூப்பிட்டாங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். நைனா வந்துடுவாருன்னு பதினாலு மாசமா கதவத் தாப்பா போடாமத் தூங்குது. நல்ல செய்தி சொல்றவருதானே நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர் கையில் வைத்தாள். ஷங்கர் அதை வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

"அலோ," என்றது அம்மாவின் குரல். "யாரு? சுந்தரி நைனாவா? நீதானா? எதாச்சும் பேசேன்யா."