மேலே இன்னும் ஒன்பது படி

மூன்றாவது தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷூயின் நிமிர்ந்தபோது, டாக்டர் நான்காவது தாளை நகர்த்தினார்.

"உயிர் வழியிலயே போயிடலாம். புரியுதா?"

"புரியுது. அதான் சீக்கிரம்னு சொல்றேன்."

ஆகஸ்ட் பதினான்கு, மறுநாள் பண்டிகை விடுமுறை. இத்தாலியின் பிராத்தோ ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் நாளைக் காலைதான் வரும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலைவரை உங்கள் அப்பா தாங்கமாட்டார் என்று இதே டாக்டர்தான் பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

அப்பா போய்விடுவார் என்பது ஷூயினுக்கு மூன்று மாதமாகத் தெரியும். எங்கே வைத்துப் போவார் என்பதுதான் தெரியவில்லை.

சீனாவில் வென்ஜோ பக்கத்து ஜனங்களுக்கு உயிர் சொந்தக் கூரைக்குக் கீழேதான் பிரிய வேண்டும். வெளியே செத்த உடம்பை வாசலுக்குள் விடமாட்டார்கள். உயிர் எங்கே பிரிந்ததோ அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா இதே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே போய்விட்டாள். அதற்கப்புறம் இந்தத் தெரு வழியாக வரும்போதெல்லாம் அப்பா பஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். "உங்கம்மா இன்னும் அங்கதான் நிக்கிறா. என்னை அப்படி விட்டுடாதே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை.

கீழே, ஆம்புலன்ஸ் நிற்கவேண்டிய இடத்தில் தன் பழைய காரை நிறுத்திவிட்டு லொரியானோ காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷூயின் வீட்டுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அவளுக்குப் பெரியப்பா.

அந்தச் சிநேகம் தொடங்கியதே ஒரு சண்டையில். குடிவந்த முதல் குளிர்காலத்தில் அப்பா பால்கனியில் விலாங்கு மீனை உப்புப் போட்டுக் காயவிட்டார். அதன் எண்ணெய் சொட்டுச் சொட்டாக லொரியானோவின் வெள்ளைப் போர்வையில் விழுந்தது. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தியபடி மேலே வந்தார் மனிதர். அப்பாவுக்கு அப்போது இத்தாலி பாஷை ஒரு வார்த்தை தெரியாது. மீன் வாசனை பிடித்துப்போய்க் கேட்க வந்திருக்கிறார், சுற்றிக்கொண்டு போகத் துணியும் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, இருந்ததிலேயே பெரிய விலாங்கை அந்தப் போர்வையில் வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் லொரியானோ தானே மேலே வந்து, ஏன் இன்னும் மீன் கட்டவில்லை என்று கேட்டார். அதிலிருந்து இருபது வருஷம். ஞாயிறு சீட்டாட்டம், சீனப் புத்தாண்டு ஊர்வலத்தில் டிராகனுக்கு அப்பா தலை, இவர் வால்.

காரில் அப்பாவின் தலை ஷூயின் மடியில் இருந்தது. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தைக் கனம்தான். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வர யோசித்தது. லொரியானோ சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. ஒரு வளைவில் வண்டி தூக்கிப் போட்டபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"யோவ், பஸ்ஸா ஓட்டற?" என்றார். "ஓட்டத் தெரியாதவனே."

லொரியானோ கண்ணாடியில் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தவர், சாலையைப் பார்த்துக்கொண்டார்.

லிஃப்ட் வெள்ளிக்கிழமையே நின்றுபோயிருந்தது. சரிசெய்கிறவன் எந்தக் கடலில் முங்கிக்கொண்டிருந்தானோ. லொரியானோ கிளம்புமுன்பே தன் சமையலறை நாற்காலி ஒன்றைக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் அப்பாவை உட்காரவைத்துப் போர்வையால் கட்டினார்கள். முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு லொரியானோ பின்னோக்கி ஏறினார். ஷூயின் முன்கால்களைப் பிடித்தாள். அப்பாவின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

முதல் மாடியில் அவர்கள் நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் லொரியானோவின் முழங்கால் மடங்கியது; சுவரில் சாய்ந்து சமாளித்துக்கொண்டார். மூன்றாம் மாடியில் அவருடைய கதவுக்கு முன்னால் நாற்காலியை இறக்கினார்கள். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். வந்தது. ஆனால் எங்கோ ஆழக் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

லொரியானோ சாவியை எடுத்தார்.

"ஷூயின்மா, இங்கயே உள்ள கொண்டுபோயிடலாம். என் கட்டில்ல படுக்க வைப்போம்."

"வேத்தாள் சாவு நடந்தா அந்த வீட்டுக்கு ஆகாது பெரியப்பா. எங்க ஆளுங்க—"

"தெரியும். உங்கப்பன்தான் சொன்னான். எனக்கு இனிமே என்ன ஆகணும்? இதுவும் கூரைதானே."

அவள் மேலே பார்த்தாள். பதினெட்டுப் படி. நடுவில் ஒரு திருப்பம். அதற்கப்பால் அப்பாவின் கதவு. அம்மா போனபிறகு ஆறு வருஷமாக அவர் பூட்டித் திறந்த கதவு.

"இல்ல. மேல போயிடலாம்."

லொரியானோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

ஒவ்வொரு படிக்கும் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தபடி ஏறினாள். ஐந்து. ஆறு. ஏழு. திருப்பத்துக்கு வந்தபோது நாற்காலியைச் சாய்க்க வேண்டியிருந்தது. ஏதோ கேட்கப்போகிறவர் போல அப்பாவின் வாய் திறந்தது. கேட்கவில்லை. நெஞ்சு எழும்பவில்லை. அவள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கை வியர்த்து நாற்காலிக்கால் வழுக்கியது.

லொரியானோ அவள் முகத்தைப் பார்த்தார். பின்பக்கமிருந்து மெல்லக் குனிந்து, தன் கன்னத்தைச் சிநேகிதனின் வாயருகே வைத்தார். நிமிர நேரமாயிற்று.

"தூக்கு" என்றார்.

"பெரியப்பா..."

"தூக்குன்னு சொல்றேன்ல. அசதியில தூங்கறான்."

வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை, ருயிபிங். வழக்கம் என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காதவள். இரண்டு கையையும் இரண்டு நிலைக்கட்டையிலும் ஊன்றியிருந்தாள். ஷூயினை விட்டு லொரியானோவைப் பார்த்தாள்.

"ஏ மூக்கா, மூச்சு இருக்கா?"

லொரியானோவுக்குத் தெரிந்த வென்ஜோ பாஷை முழுக்கச் சீட்டாட்டத்தில் கற்றது. பாதி கெட்ட வார்த்தை, மீதி மீன் பேர். அதிலேயே தேடிப் பொறுக்கிச் சொன்னார்.

"இருக்கு. இப்பதான் என்னைத் திட்டினான்."

"என்னன்னு?"

"ஓட்டத் தெரியாதவன்னு."

அத்தை ஒரு கையை எடுத்து அண்ணனின் பாதத்தில் வைத்தாள். கை அங்கேயே இருந்தது. ஷூயினின் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கீழே எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது.

"அண்ணே, வீடு வந்துடுச்சு" என்றாள் அத்தை, வழியை விட்டு. "கஞ்சி வெச்சிருக்கேன், வா."

விடுமுறைப் பணியில் இருந்த டாக்டர் ஐந்தரைக்கு வந்தார். சின்ன வயதுக்காரர். அப்பாவின் தாடையைத் தொட்டார், விரலை மடக்கிப் பார்த்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, நாலு இருபது, கட்டிலில் படுக்கவைத்து ஐந்து நிமிஷம் கழித்து என்று லொரியானோ பிசிறில்லாமல் சொன்னார். டாக்டரின் பார்வை அவருடைய நனைந்த சட்டையிலும், ஷூயினின் உள்ளங்கையில் சிவந்து கிடந்த கோடுகளிலும் நின்று போயிற்று. இறந்த இடம் எது என்று அடுத்த கேள்வி. வீடு என்று அத்தையும் லொரியானோவும் ஆளுக்கொரு பாஷையில் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

அவள் சமையலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் கஞ்சி ஏடு கட்டியிருந்தது. அத்தையை ஏமாற்றியாயிற்று, டாக்டரையும், காகிதத்தையும். அப்பாவை எப்படி ஏமாற்றுவது? அவர் அங்கேதானே இருந்தார். கீழே ஒரு கட்டில் இருந்தது, கூரை இருந்தது, கதவைத் திறக்கச் சாவியை எடுத்த ஒரு மனிதரும் இருந்தார். வேண்டாம் என்றவள் அவள். அம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அப்பா மாடிப்படியில். இரண்டு பேரையும் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டாள். இனி அந்தத் திருப்பத்தை எப்படித் தாண்டிப்போய் ரொட்டி வாங்குவாள், எப்படி வேலைக்குப் போவாள்? வாயில் கைத்துண்டைத் திணித்துக்கொண்டாள். கூடத்தில் லொரியானோ முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க முடியவில்லை.

அத்தை வந்தாள். கையில் மூன்று ஊதுபத்தி புகைந்தது.

"எங்க?" என்றாள்.

"என்ன எங்க அத்தை?"

"இந்த மூக்கனுக்குப் பொய் சொன்னா மூக்கு செவக்கும். இருபது வருஷமா சீட்டாட்டத்துல பாக்கறேன். கால் தொட்டா எனக்குத் தெரியாதா? மூச்சு எங்க நின்னுது?"

கூடத்திலிருந்து லொரியானோதான் சொன்னார்.

"என் வீட்டுக்கு மேல. திருப்பத்துல."

அத்தை கணக்குப் போடுகிறவள்போலத் தலையசைத்தாள். மேலே இன்னும் ஒன்பது படிதானே என்றாள். அன்றைக்கு அண்ணியின் உயிரை வீட்டுக்குக் கூப்பிடப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் ஊதுபத்தியே ஏற்றக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள், இங்கே யார் விரட்டப்போகிறார்கள் என்றாள்.

"போய்க் கூட்டிட்டு வா. திரும்பற எடத்துல திரும்பச் சொல்லு. சொல்லலைன்னா சுவத்தப் பாத்துட்டு நின்னுடுவாங்க."

"என்னால முடியாது அத்தை. நான்தான் வேணாம்னு..."

அத்தை மேலே கேட்கவில்லை. ஊதுபத்தியை அவள் விரல்களுக்குள் செருகி, விரல்களை மூடிவிட்டாள்.

திருப்பத்தில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. ஷூயின் அப்பா என்று கூப்பிடப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். சாம்பல் அவள் பாதத்தில் உதிர்ந்தது.

நொண்டிக்கொண்டே பின்னால் இறங்கிவந்த லொரியானோ தொண்டையைச் செருமினார்.

"தேச்செங்" என்று சிநேகிதனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அந்தப் பொறுக்கிச் சேர்த்த பாஷையில். "இங்க திரும்பணும். வலது கைப்பக்கம்."

கொஞ்சம் நின்றார்.

"இப்ப படி."

ஷூயின் புகையை முன்னால் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே அத்தை கதவை விரியத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். கைப்பிடி சுவரோரமாக இருந்தது. முழங்கால் வெடவெடத்தும் லொரியானோ அதைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை ஓர் ஆள் அகலத்துக்குக் காலியாக விட்டு, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று நின்று ஏறினார்.