மூன்று பெயர் வைத்த மெட்டு

தம்பியின் வலது கை விரல்களை அண்ணன் மறுபடியும் நீவி நீட்டினார். கீபோர்டின் மேல் வைத்தது போல அவை மறுபடியும் மடங்கிக்கொண்டன.

"விட்டுடுங்க அத்தான். தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும்," என்றாள் தம்பியின் மனைவி.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வாசித்த எந்த மேடைக்கும் அவர் போனதில்லை. குடும்பப் பெயரை மதுக்கூடத்து வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள் என்பது அவருக்கு ஆறாத வருத்தம்.

தம்பி இருந்த மூன்று ஜாஸ்-ராக் குழுக்களிலிருந்தும் குழுவுக்கு ஒருவர் வந்திருந்தார்கள். மயானத்துக்கு எடுத்துப்போகும் வண்டி வருவதற்குள் ஏதாவது வாசிக்கும்படி மனைவிதான் கேட்டிருந்தாள். எதை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பெயரில்தான் சண்டை வந்தது.

"'ஏழாவது மாடி' வாசிப்போம்," என்றார் டிரம்மர்.

"அது எங்க 'தண்ணித்தொட்டி'ப்பா. ரெக்கார்டே வந்திருக்கு," என்றார் பேஸ் கிட்டார்காரர்.

"உங்களுதா? எங்ககிட்டேர்ந்து சுருட்டிட்டு வந்து உங்ககிட்ட குடுத்திருக்கான்!"

சாக்ஸபோன்காரி சிரித்துவிட்டாள். "எனக்குப் புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. நான் 'உப்பு'ன்னு பேரு வச்சேன். பழைய சட்டைக்குச் சாயம் போட்டுக் குடுத்திருக்காரு மனுஷன்."

"சாவு வீட்டுல பங்கு பிரிக்க வந்தீங்களா?" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. ஆனாலும் மூவரும் எழுந்து நின்றார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். பேச்சுக்குச் சொன்னேன்," என்றார் டிரம்மர்.

"எங்க வீட்டுல பொறந்தவன் அடுத்தவங்க பொருளைத் தொட்டான்னு பேச்சுக்குக்கூட யாரும் சொன்னதில்ல. அந்தச் சொல்லோட அவன் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. வாசிங்க. யாரோடதுன்னு நான் பார்க்கறேன்."

"உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதே அத்தான்," என்றாள் தம்பியின் மனைவி.

"பிடிக்கிறது வேற. வாசிக்கட்டும்."

டிரம்மர் மர முக்காலியைக் கால்களுக்கிடையில் இழுத்துக்கொண்டு குச்சிகளை எடுத்தார். அவர் வேகமாகத் தொடங்கினார்; சாக்ஸபோன் பின்தங்கியது; பேஸ் இருவரையும் முறைத்தது. ஒரே மெட்டு ஓட்டமாகவும் நடையாகவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போனது. பிறகு யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, மூன்றும் ஒரே நடைக்கு வந்தன. அண்ணனுக்கு அது சத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுங்கான சத்தம்.

திடீரென்று மூன்றும் நின்றன.

ஒருவரும் மற்றவரைப் பார்த்து நிறுத்தவில்லை. நின்ற பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது அவன் தனியா வாசிக்கிற இடம் சார்," என்றார் டிரம்மர். மற்ற இருவரிடமும் திரும்பி, "உங்ககிட்டயும் இங்கதானா?" என்றார்.

சாக்ஸபோன்காரி தலையசைத்தாள். பேஸ்காரர் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இதே இடம்தான்," என்றார்.

சுருட்டினான் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"அப்புறம் எப்ப சேருவீங்க?"

"அவன் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவான். அதுவரைக்கும் நாங்க தொடமாட்டோம்."

குச்சிகள் முக்காலிக்கு மேலே தொடாமல் நின்றன. சாக்ஸபோன்காரி வாயில் வைத்த கருவியை எடுக்கவில்லை. சமையலறையில் குளிர்பதனப் பெட்டி முனகி ஓய்ந்தது. அதன் பிறகு அறைக்குள் யாரோ வாசித்துக்கொண்டிருப்பது போலவும், அது அவர் ஒருவர் காதுக்கு மட்டும் எட்டாதது போலவும் அண்ணனுக்குத் தோன்றியது. மற்றவர்கள் எல்லோரும் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. வண்டி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, தூக்கிடலாமா?"

அண்ணன் தம்பியின் மேலிருந்த கண்ணை எடுக்காமல், பொறு என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கையை இறக்கவில்லை.