ரேடியேட்டரைக் கேட்டவர்

அன்று ஜெபசீலனுக்கு ரேடியேட்டரைப் பார்க்க ஆசை வந்தது. ஓஹையோவில் மகள் அக்ஸா படிக்கப் போன கல்லூரியின் பழைய விடுதி அறையில், சன்னலுக்குக் கீழே விலா எலும்புகள்போல நின்ற இரும்புக் கணப்பு அது. துபாயின் மொட்டை மாடிகளில் ஏசி மெக்கானிக்காகவே காலம் கழித்த மனிதருக்கு, அறையைச் சூடாக்க ஒரு இயந்திரம் இருப்பது பெரிய வேடிக்கை.

“போனைக் கிட்ட வையி மக்களே, சத்தம் கேக்கட்டும்.”

வைத்தாள். உள்ளே தண்ணீர் முனகியது. இரும்பு டக் டக்கென்று நெட்டி முறித்தது.

“ஏர் பிடிச்சிருக்கு. வயசான ஆளு, மூச்சு விடுகான்,” என்று வீடியோவில் சிரித்தார். “நான் இங்க சூட்டைப் பிடிச்சி வெளிய தள்ளுகேன். நீ அங்க காசு கொடுத்து உள்ள வைக்கிய. நல்ல படிப்பு!”

“அப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு.”

“போ, போ. தொப்பி போட்டுட்டுப் போ.”

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் அவளுக்கு எல்லாமே சற்றுத் தள்ளி நடப்பதுபோல் இருக்கும். பனியில் தன் காலடி தனக்கே கேட்காது. எந்த ஊர் என்று வகுப்பில் கேட்டால் துபாய் என்பாள். ஒட்டகத்தில் பள்ளிக்கூடம் போனாயா என்பார்கள். இந்தியா என்று சொல்லலாம்தான். ஆனால் லீவுக்குப் போய்வந்த சொந்த ஊர் குளச்சலின் கடற்கரையை மட்டும் வைத்துக்கொண்டு மேலே என்ன சொல்வது? சிரித்துவிடுவாள். இது வெள்ளை மணல், அந்தத் திருப்பம் தாண்டினால் துபாயில் தான் வளர்ந்த அல் குசைஸ் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே நூலகம்வரை நடந்துவிடுவாள்.

மறுநாள் நூலகத்தில் இருந்தபோது அம்மா இன்பமணி கூப்பிட்டாள். சைட்டில், வேலை செய்த மாடியிலேயே அப்பா சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி சேரும்போது உயிர் இல்லை. அம்மா நர்ஸ், அழாமல் சொன்னாள்.

“ஊருக்குக் கொண்டு போறோம். நீ நேரா திருவனந்தபுரம் வந்திரு மக்களே.”

“அங்க எனக்கு அப்பாவைத் தெரியாதும்மா. அங்க அவரு எல்லாருக்கும் லீவுல வந்த ஆளு. நான் துபாய்க்குத்தான் வருவேன். பெட்டியை மூடாண்டாம்னு சொல்லு.”

“பேப்பர் ரெடியானா கார்கோவுல ஏத்திருவாங்க. உன் பிளைட்டு லேட்டானா எனக்குப் பிடிச்சு நிறுத்த முடியாது பிள்ளே.”

“லேட்டாகாது.”

ஆனது. இறக்கையில் உறைந்த பனியை உருக்கி முடிக்கும்வரை விமானம் நகரவில்லை. மேலே போனபின் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்பா இறக்கைமேல் குந்தியிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் வேலையிலேயே இருந்தார்.

துபாயின் சோனாப்பூரில், உடலைப் பதப்படுத்தி ஊருக்கு அனுப்பும் இடத்தில், அப்பாவின் கம்பெனி ஆட்கள் டியூட்டி உடுப்போடு நின்றார்கள். கடைசியாக முகம் பார்த்துவிட்டு சைட் பஸ் ஏறுவது வழக்கம். அன்று யாரும் ஏறவில்லை. அப்பாவோடு வேலைபார்த்த ஷம்சாத், பெட்டியை மூடவிடாமல் அதன் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“யல்லா பாய், ஜல்தி!” என்று அவசரப்படுத்தினார், பெட்டியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர்.

“மாஃபி யல்லா, இப்போது கிளம்ப முடியாது. மகள் வருகிறாள்,” என்று இந்தியில் அதட்டினார் ஷம்சாத். “நீ போய் டீ குடி.”

அக்ஸா ஓடி வந்தபோது பெட்டி திறந்தே இருந்தது. அப்பாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். குளிர் அவளுக்குப் பழகியிருந்தது, கையை எடுக்கவில்லை.

ஊருக்கான விமானத்துக்கு முன், தாயும் மகளும் உடை மாற்ற அல் குசைஸ் வீட்டுக்குப் போனார்கள். அடுக்களையில் நின்றபடி, “உங்கப்பா முகம்...” என்று அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினாள். கட்டடத்துக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் இறங்கியது. அந்த ஏரியாவில் எல்லோரும் செய்வதுபோல, அது கடந்து போகும்வரை அம்மா பேச்சை நிறுத்திவைத்தாள்; சின்ன வயதிலிருந்தே பழகியபடி அக்ஸாவும் காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.